ரெசிடென்ட்டுக்கு பில்லிங் சொல்லித்தர்ற கோர்ஸ்: 6 மணி நேரம் உக்காந்து பாத்துட்டு எழுதறேன்

யூ.எஸ்ல இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி, ரெண்டாவது வருஷம். போன மாசம் எங்க ப்ரோக்ராம்ல எல்லாரும் முடிச்சே ஆகணும்னு ஒரு கோர்ஸை தலையில கட்டிவிட்டாங்க. பயிற்சி டாக்டர்களுக்கு மெடிக்கல் பில்லிங், டாகுமென்டேஷன் சொல்லித்தர்ற கோர்ஸ். 11 வீடியோ மாட்யூல், ஒவ்வொண்ணுக்கும் குட்டி க்விஸ், கடைசியில ஒரு லைவ் செஷன். காசு எங்க எஜுகேஷன் அலவன்ஸ்ல இருந்துதான் போச்சு, அதாவது நான் புக் வாங்க வச்சிருந்த காசு, அதனால குறை சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கு. கம்பெனி பேரு போடல. வேற ஊர்ல ரெசிடென்சி பண்ற நம்மாளுங்க ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிச்சேன், கம்பெனி வேற வேற, கதை ஒண்ணுதான். மேட்ச் ஆகி, அதாவது ரெசிடென்சி சீட் கிடைச்சு, ஜூலைல சேரப்போற தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், டீ போட்டுட்டு வந்து படிங்க.

மொதல்ல என் லெவல் என்னன்னு சொல்லிடறேன். நான் எம்.பி.பி.எஸ். படிச்சது தமிழ்நாட்டுல கவர்ன்மென்ட் காலேஜ். அங்க ஓ.பி.ல நாம பண்ண டாகுமென்டேஷன் என்ன? உள்ளங்கை அளவு சீட்டுல காய்ச்சல் 3 நாள், பாரா 1-1-1, அவ்ளோதான். அந்த சீட்டையும் பேஷன்ட் நாலா மடிச்சு பர்ஸுக்குள்ள சொருகிட்டு போயிடுவாங்க, அடுத்த வாட்டி எடுத்து நீட்டும்போது வேர்வையில பாதி எழுத்து அழிஞ்சிருக்கும். பில்லுன்னு ஒண்ணை கண்ணால பாத்ததில்ல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ப்ரீ-ஆத், அதாவது முன் அனுமதி, வாங்க ரிப்போர்ட்டையும் ஃபோட்டோவையும் தூக்கிட்டு இன்சூரன்ஸ் கவுன்டருக்கு ஓடுனதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே பில்லிங், அதுவும் பி.ஜி. அண்ணன் திட்டுவாருன்னு ஓடுனது, அந்த பேப்பரை ஏன் கேக்கறாங்கன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. அப்படிப்பட்ட ஆளுக்கு இங்க வந்து மொத மாசமே "உன் நோட்ல எம்.டி.எம். தெளிவா இல்ல"ன்னு மெசேஜ் வந்தா எப்படி இருக்கும்? எனக்குத் தெரிஞ்சது எம்.டி.தான், அந்த கடைசி எம் எங்கிருந்து வந்துச்சுன்னு கூகுள் பண்ணித்தான் கண்டுபிடிச்சேன். மெடிக்கல் டெசிஷன் மேக்கிங்காம்.

சரி, கோர்ஸுக்கு வருவோம். மொத மாட்யூல் திறந்தா வாத்து. ஆமா, வாத்துதான். ஐசிடி-10னு வியாதி, காயத்துக்கெல்லாம் கோட் போட்டு வச்ச லிஸ்ட்ல வாத்து வந்து இடிச்சா அதுக்குன்னு தனி கோட் இருக்கு, டபிள்யூ61.62, கடிச்சா டபிள்யூ61.61, இதை வச்சு கார்ட்டூன் எல்லாம் போட்டு 20 நிமிஷம் ஓட்டிட்டாங்க. 2015 அக்டோபர்ல ஐசிடி-10 இங்க அமலுக்கு வந்ததுல இருந்து எல்லா ட்ரெயினிங்லயும் இதே ஜோக்குதான் போல, பக்கத்துல உக்காந்திருந்த அட்டெண்டிங், அதாவது நம்மளை மேற்பார்வை பாக்கற சீனியர் டாக்டர், ஸ்லைடு வர்றதுக்கு முன்னாடியே "இப்ப வாத்து வரும் பாரு"ன்னாரு. ஒண்ணரை வருஷமா வார்டுல கிடக்கறேன், ஒரு வாத்து கேஸ் வரல. தினமும் வந்து படுக்கற ஹார்ட் ஃபெயிலியரை எப்படி எழுதணும்னு அந்த மாட்யூல்ல ஒரு வார்த்தை கிடையாது.

ரெண்டாவது மாட்யூல் நெஜமாவே நல்லா இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. ரெசிடென்ட் பாத்த பேஷன்ட்டுக்கு யாரு பில் போடலாம், எப்ப போடலாம்ங்கற சமாச்சாரம். நம்ம பேர்ல தனியா போட முடியாது, ஏன்னா நம்ம பயிற்சிக்குன்னு மெடிகேர், அதான் வயசானவங்களுக்கான இங்கத்த அரசு இன்சூரன்ஸ், ஏற்கனவே ஆஸ்பத்திரிக்கு பணம் குடுக்குது, அதுக்கு மேல நாம பாத்ததுக்கும் காசு கேட்டா ஒரு வேலைக்கு ரெண்டு கூலி கேட்ட மாதிரி. அதனால அட்டெண்டிங் தானும் பேஷன்ட்டை பாக்கணும், முக்கியமான கட்டத்துல கூட இருக்கணும், இருந்தேன்னு எழுதியும் வைக்கணும். 90கள்ல ஃபெடரல் ஆளுங்க டீச்சிங் ஆஸ்பத்திரியா பாத்து இதை ஆடிட் பண்ண ஆரம்பிச்சாங்க, 1995ல பென்சில்வேனியா யூனிவர்சிட்டி சுமார் 3 கோடி டாலர் கட்டி செட்டில் பண்ணுச்சு, அதைப் பாத்து மத்தவங்களுக்கும் வயித்துல புளியைக் கரைச்சுது. இன்னைக்கும் நம்ம நோட்டுக்கு கீழ அட்டெண்டிங் "அக்ரீ வித் அபோவ்"னு மட்டும் போட்டு சைன் பண்ணா அது செல்லாது, மெடிகேர் மேனுவல்லயே இப்படி எழுதாதீங்கன்னு உதாரணம் குடுத்திருக்காங்க, "ரவுண்டட், ரிவ்யூட், அக்ரீ"யும் அந்த லிஸ்ட்ல இருக்கு. நம்ம ஊர்ல சீஃப் ரவுண்ட்ஸ் வந்துட்டு போனா கேஸ் ஷீட்ல சி.எஸ்.டி.ன்னு மூணு எழுத்து, கன்டின்யூ சேம் ட்ரீட்மென்ட், ஜோலி முடிஞ்சுது. எனக்கு சிரிப்பா வந்துச்சு.

அதே மாட்யூல்லதான் ப்ரைமரி கேர் எக்செப்ஷனும் வருது, இதை மட்டும் ரெண்டு தடவ பாருங்க. க்ளினிக்ல அட்டெண்டிங் நேர்ல வந்து பாக்காமலே நம்ம விசிட்டுக்கு பில் போக ஒரு வழி இருக்கு. நாம 6 மாசத்துக்கு மேல ட்ரெயினிங் முடிச்சிருக்கணும், அவர் ஒரே நேரத்துல 4 ரெசிடென்ட்டுக்கு மேல மேய்க்கக் கூடாது, விசிட் எவ்ளோ சிக்கலோ அதுக்கேத்த மாதிரி போடற லெவல்ல 3 வரைக்கும்தான் போடலாம், அதாவது பழைய பேஷன்ட்னா 99213ங்கற பில்லிங் கோட்தான் எல்லை. இது தெரியாம நான் பண்ண கூத்தை கேளுங்க. சுகரும் பிபியும் இருக்கற ஒருத்தர், ஏ1சி, அதான் மூணு மாச சுகர் சராசரி, 9க்கு மேல, பிபியும் அடங்கல, இன்சுலினை ஏத்தி பிபி மாத்திரையை மாத்தி அரை மணி நேரம் மல்லுக்கட்டி 99214 போட்டுட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிட்டேன், அட்டெண்டிங் ரூமுக்குள்ள எட்டிக்கூட பாக்கல. ரெண்டு நாள் கழிச்சு பில்லிங் ஆபீஸ்ல இருந்து மெசேஜ், அட்டெண்டிங் பேஷன்ட்டை பாத்தாரா? இல்ல. அப்ப 99213தான். வேலை என்னவோ லெவல் 4தான், எழுதுனதும் லெவல் 4தான், ஆனா அவர் வந்து கதவைத் திறக்காததால லெவல் 3. ஜூலைலயே யாராச்சும் ஒரு வாய் சொல்லிருந்தா போய் கூட்டிட்டு வந்திருப்பேன், அவரும் பாவம் எதிர் ரூம்ல சும்மாதான் உக்காந்திருந்தாரு.

மூணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான் எனக்கே பிபி ஏறுச்சு. ஆபீஸ் விசிட்டுக்கு லெவல் போடற விதி 2021 ஜனவரி 1ல மொத்தமா மாறிடுச்சு, ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி எல்லாத்துக்கும் 2023 ஜனவரி 1ல மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி இருந்தது 1995, 1997 கைட்லைன், உடம்புல எத்தனை சிஸ்டம் பத்தி கேட்டே, எத்தனை பாயின்ட் எக்ஸாமின் பண்ணேன்னு எண்ணி எண்ணி லெவல் போடற முறை. இப்ப ஹிஸ்டரியும் எக்ஸாமும் தேவையான அளவு இருந்தா போதும், லெவலுக்கு அதை எண்ணறது கிடையாது, டெசிஷன் மேக்கிங் இல்லன்னா டைம், ரெண்டுல ஒண்ணு. இந்த கோர்ஸ்ல என்னடான்னா பழைய வீடியோவை அப்படியே வச்சுக்கிட்டு நடுவுல வேற குரல்ல, வேற மைக்ல, "இது மாறியுள்ளது"ங்கற மாதிரி 4 நிமிஷம் ஒட்டுப் போட்டிருக்காங்க. க்விஸ்லயும் கம்ப்ளீட் ரிவ்யூ ஆஃப் சிஸ்டம்ஸுக்கு எத்தனை சிஸ்டம்னு கேள்வி. 10னு போட்டாத்தான் மார்க். செத்துப்போன விதிக்கு மார்க் வாங்கி பாஸ் பண்ணேன். இதனால என்ன ஆகும்னா, புதுசா வர்ற பையன் 10 சிஸ்டமும் நெகட்டிவ்னு டெம்ப்ளேட்ல இழுத்துவிட்டுட்டு, மூச்சு முட்டி வந்த பேஷன்ட்டுக்கு ரெஸ்பிரேட்டரி நெகட்டிவ்னு நோட்ல நிக்கும். நானே பண்ணிருக்கேன்.

டைம் வச்சு போடறதுன்னா 99213க்கு 20 நிமிஷம், 99214க்கு 30, 99215க்கு 40. கேக்க ஈசியா இருக்கும். ஆனா ரெசிடென்ட் தனியா செலவழிச்ச நேரம் இதுல சேராது, அட்டெண்டிங் டைம் மட்டும்தான் கணக்கு, ப்ரைமரி கேர் எக்செப்ஷன்ல போனா டைம் வச்சு போடவே கூடாது. நான் ஒரு பாட்டியம்மாகூட 50 நிமிஷம் உக்காந்து மாத்திரை டப்பாவை கொட்டி ஒவ்வொண்ணா எண்ணி அடுக்கிக் குடுத்தேன், அந்த 50 நிமிஷத்துக்கு பில்லுல மதிப்பு சைபர். ரெசிடென்ட்டுக்குன்னே பண்ண கோர்ஸ்ல இதை ஒரு ஸ்லைடு ஓரத்துல பொடி எழுத்துல போட்டுட்டு, வாத்துக்கு 20 நிமிஷம் குடுத்திருக்காங்க பாருங்க.

டெசிஷன் மேக்கிங் பகுதி பரவால்ல. ப்ராப்ளம் எவ்ளோ, டேட்டா எவ்ளோ பாத்தே, ரிஸ்க் எவ்ளோ, மூணுல ரெண்டு எந்த லெவலுக்கு எட்டுதோ அதான் லெவல். இதுல எனக்கு புதுசா தெரிஞ்சது ஸ்டேபிள்ங்கற வார்த்தை. பேஷன்ட் ஏ1சி மூணு விசிட்டா 9லயே நின்னா நாம பழக்க தோஷத்துல "டயபடீஸ் ஸ்டேபிள்"னு எழுதுவோம், மாறலைல்ல. ஆனா இங்க ஸ்டேபிள்னா ட்ரீட்மென்ட் டார்கெட்டுக்குள்ள இருக்கணும், டார்கெட்டுக்கு வெளிய மாறாம நின்னா அது ஸ்டேபிள் இல்ல. ஒரு வார்த்தையில நம்ம நோட்டை நாமளே கீழ இறக்கிடறோம். பில்லை விடுங்க, அடுத்து பாக்கற டாக்டர் அந்த வார்த்தையை படிச்சுட்டு சரி நல்லாத்தான் இருக்காருன்னு இன்சுலினை தொடாம விட்டா?

இப்ப லைவ் செஷன். கம்பெனி ஆளு ஜூம்ல வர்றதா இருந்துச்சு, அவருக்கு ஆடியோ வரல, நாங்க 14 பேரு பீட்சாவை சாப்பிட்டுட்டு அவரு வாயசைக்கறத பாத்துட்டு இருந்தோம், கால் மணி நேரம் கழிச்சு லைனே கட். எங்க ஆஸ்பத்திரி சி.டி.ஐ. நர்ஸ், அதாவது நோட்டெல்லாம் சரியா எழுதியிருக்கான்னு பாக்கறவங்க, ஒரு அம்மா, முன்னாடி ஐ.சி.யூ.ல ரொம்ப வருஷம் இருந்தவங்க, டாகுமென்டேஷன்ல சந்தேகம்னா நமக்கு க்வெரி அனுப்பறவங்க இவங்கதான், சும்மா பார்வையாளரா வந்திருந்தாங்க. எழுந்து லேப்டாப்பை சொருகி, பேஷன்ட் விவரம் எல்லாம் மறைச்ச எங்க நோட்டுங்களையே ஸ்க்ரீன்ல போட்டாங்க. கொடுமை, மொத நோட் என்னுது.

நான் எழுதியிருந்தது யூரோசெப்சிஸ். பேஷன்ட் பிபி 80க்கு கீழ வந்து, லாக்டேட் ஏறி, ஐ.சி.யூ.ல பிபியை ஏத்தற மருந்துல இருந்தவரு. அந்தம்மா கேட்டாங்க, "டாக், இதை படிச்சா இவருக்கு என்ன வியாதி?" செப்சிஸ்தான், இன்ஃபெக்ஷன் உடம்பு முழுக்க பாதிச்சு உயிருக்கே ஆபத்தாகறதுன்னேன். "நீங்க அப்படி எழுதலையே." யூரோசெப்சிஸ்ங்கற வார்த்தைக்கு ஐசிடி-10ல கோடே கிடையாது, அதை செப்சிஸ்னு எடுத்துக்கவும் கூடாது, டாக்டரை திருப்பிக் கேளுன்னு கைட்லைன்லயே இருக்கு. அவங்க க்வெரி அனுப்பிருக்காங்க, நான் நைட் ட்யூட்டி அலுப்புல திறக்கவே இல்ல. மூணு நாள் உயிருக்கு போராடுனவரு பேப்பர்ல வெறும் யூரின் இன்ஃபெக்ஷனோட கிடந்திருக்காரு. எங்க காலேஜ்ல யூனிட் யூனிட்டா எழுதிட்டு இருந்த வார்த்தைங்க அது.

அடுத்தது சோடியம். 118, ஹைபர்டானிக் சலைன் குடுத்திருக்கோம், நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்திருக்கோம், நோட்ல கீழ் நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு பக்கத்துல என்.ஏ.ன்னு எழுதியிருக்கு, சோடியம் குறைஞ்சதுக்கு பேரான ஹைபோநேட்ரீமியாங்கற வார்த்தை எங்கயும் இல்ல. லேப் வேல்யூவை பாத்து கோடர், அதாவது நம்ம நோட்டை படிச்சு கோட் போடற ஆளு, தானா வியாதி பேரை எழுதக் கூடாது, அம்புக்குறியை பாத்தும் எழுதக் கூடாது. இது எழுதுனவன் பேரு சொல்லல, பக்கத்துல உக்காந்து பீட்சா தின்னுட்டு இருந்தான். அப்பறம் ஹிஸ்டரி ஆஃப். நமக்கெல்லாம் "ஹிஸ்டரி ஆஃப் ஹார்ட் ஃபெயிலியர்"னா அவருக்கு ஏற்கனவே ஹார்ட் ஃபெயிலியர் இருக்குன்னு அர்த்தம், கோடருக்கு அது இருந்துச்சு, இப்ப இல்லன்னு அர்த்தம். ஹார்ட் ஃபெயிலியருக்கு தினமும் ஃப்யூரோசமைட் ஊத்திட்டு இருக்கற ஆளுக்கு வியாதி போயிடுச்சுன்னு எழுதிட்டு இருக்கோம். சிஸ்டாலிக்கா டயஸ்டாலிக்கா, அக்யூட்டா க்ரானிக்கா, இல்ல க்ரானிக்குக்கு மேல அக்யூட்டா, இந்த ரெண்டு சொல்லை சேத்தா கோட் ஐ50.23 அளவுக்கு துல்லியமாகும், ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் குடுக்கற தொகையும் மாறும். எக்கோ ரிப்போர்ட் கையிலயே இருக்கு, எழுதத்தான் மாட்டேங்கறோம்.

இன்னொன்னு, எனக்கு தலை சுத்துனது இதுலதான். அட்மிட் ஆன பேஷன்ட்டுக்கு டிஸ்சார்ஜ்ல "ப்ராபபிள் நிமோனியா"ன்னு எழுதுனா அதை நிமோனியான்னே கோட் பண்ணலாம், அதே வார்த்தையை க்ளினிக் நோட்ல எழுதுனா பண்ணக் கூடாது, இருமல், காய்ச்சல்னு அறிகுறியைத்தான் போடணும். ஏன்னு கேட்டேன், ரூல் அப்படின்னு தோளை குலுக்குனாங்க. 40 நிமிஷம்தான் பேசுனாங்க. ஸ்லைடு இல்ல, கார்ட்டூன் இல்ல. மத்த 6 மணி நேரத்துல கத்துக்காததை இதுல கத்துக்கிட்டேன், ஆனா இது கோர்ஸ்ல சேர்ந்தது இல்ல, கம்பெனிக்காரனுக்கு மைக் வேலை செஞ்சிருந்தா இதுவும் கிடைச்சிருக்காது.

அன்னைக்கு ராத்திரி சித்தி பையனுக்கு ஃபோன் பண்ணேன். சென்னையில பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில மெடிக்கல் கோடரா இருக்கான், சி.பி.சி. சர்டிஃபிகேட் வாங்குனவன், அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்தான் தினமும் படிக்கறான். வீட்டுல எல்லாரும் அவனை "டேட்டா என்ட்ரி"ன்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன், வெக்கமா இருக்கு. நானா கற்பனையா ஒரு சுகர் பேஷன்ட் நோட் எழுதி வாட்ஸப்ல அனுப்பி, டேய் இதை கோட் பண்ணுடான்னேன். ரெண்டு நிமிஷம்தான் எடுத்துக்கிட்டான். "அக்கா, டயபடீஸ் டைப் 2ன்னு போட்டிருக்கீங்க, கீழ கிட்னி டிசீஸும் போட்டிருக்கீங்க, ரெண்டையும் சேத்து ஈ11.22ன்னு போடலாம், நீங்க சம்பந்தமில்லன்னு எழுதாத வரைக்கும் சம்பந்தம் உண்டுன்னுதான் ரூல். ஆனா ஸ்டேஜ் எழுதலையே, 3ஏவா 3பியா? ஜி.எஃப்.ஆர். 38னு நீங்களே எழுதியிருக்கீங்க, எனக்கும் தெரியுது 3பின்னு, ஆனா நான் போடக் கூடாதுக்கா." டாக்டர் எழுதாததை அவன் ஊகிச்சா ஆடிட்ல அவனுக்கு மார்க் போயிடும், வேலையே போனாலும் போகும். நான் அவசரத்துல ரெண்டு எழுத்தை விட்டா, எங்கயோ நைட் ஷிஃப்ட்ல ஒருத்தன் பதில் தெரிஞ்சும் எழுத முடியாம உக்காந்திருக்கான். இதை ஒரு மாட்யூல்லயாவது ஒரு கோடரை உக்காத்தி வச்சு பேச விட்டிருக்கலாம்ல? 11 மாட்யூல்லயும் பேசுனது கோட் சூட் போட்ட ஆளுங்க, ஒரு கோடர் கூட வரல.

எட்டாவது மாட்யூல் பயமுறுத்தற மாட்யூல். ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்ட், 1863ல உள்நாட்டுப் போர் நடக்கும்போது ராணுவத்துக்கு மட்டமான சரக்கு வித்தவனுங்களை பிடிக்க கொண்டுவந்த சட்டம், இப்ப மெடிகேருக்கு பொய்க்கணக்கு குடுத்தா மூணு மடங்கு கட்டணும், அதுக்கு மேல ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனி அபராதம். சரி, பயந்தாச்சு. உடனே ஒன்பதாவது மாட்யூல்ல அதே ஆளு வந்து, எதையும் விட்டுடாதீங்க, எல்லாத்தையும் கேப்சர் பண்ணுங்கன்னு உற்சாகப்படுத்தறாரு. கேப்சராம், பட்டாம்பூச்சியா பிடிக்கறோம்? உதாரணத்துக்கு அவர் காட்டுனது சிவியர் மால்நியூட்ரிஷன், அதை எழுதுனா எவ்ளோ காசு கூடும்னு பச்சை கலர்ல. ஆனா 2020ல ஃபெடரல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ் ஆடிட் பண்ணி, இதே சிவியர் மால்நியூட்ரிஷன் கோட்ல ஆஸ்பத்திரிங்க மெடிகேர்கிட்ட ரெண்டு வருஷத்துல சுமார் 100 கோடி டாலர் அதிகமா வாங்கிருக்குன்னு மதிப்பிட்டுச்சு, அதை அந்த ஸ்லைடுல காணோம். இதுல எனக்கு கடுப்பு ஜாஸ்தி. எடை எவ்ளோ குறைஞ்சுது, சதை எங்க கரைஞ்சிருக்கு, டயட்டீஷியன் என்ன சொன்னாங்க, நாம என்ன குடுத்தோம்னு பாத்து எழுதுறா பாப்பான்னு சொல்லித்தரணுமே தவிர, காசை காட்டி எழுது எழுதுன்னு சொல்லக் கூடாது.

மிச்சம் இருக்கற மாட்யூல் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. புகை விட சொல்லி 3 நிமிஷத்துக்கு மேல பேசுனா 99406, 10 நிமிஷத்தைத் தாண்டுனா 99407, இந்த மாதிரி லிஸ்ட், இதெல்லாம் ஒரு பக்க பிடிஎஃப்ல குடுத்தா போதும். காப்பி-ஃபார்வர்ட், அதான் நேத்து நோட்டை அப்படியே இன்னைக்கு ஒட்டறது, அது பத்தி ஒரு மாட்யூல் முழுக்க அறிவுரை, நானும் தலையாட்டிட்டே பாத்துட்டு மறுநாள் போய் என் நோட்டையே பாத்தா "நாளைக்கு ஃபோலி (யூரின் ட்யூப்) எடுக்கணும்"னு நாலு நாளா நாளைக்கே இருந்துச்சு.

வாங்கலாமான்னா, உங்க ப்ரோக்ராம் கட்டாயம் பண்ணா 1.75 ஸ்பீட்ல ஓட விட்டு ரெண்டாவது மாட்யூலை மட்டும் ஒழுங்கா பாருங்க. சொந்தக் காசுன்னா வேணாம். பதிலா உங்க ஆஸ்பத்திரி சி.டி.ஐ. ஆளு யாருன்னு கண்டுபிடிச்சு ஒரு காபி வாங்கிக் குடுத்து, உங்க நோட் ரெண்டை எடுத்துட்டு போய் அவங்க பக்கத்துல உக்காருங்க, க்வெரி வந்தா என்னை மாதிரி திறக்காம விடாதீங்க. நான் குடுக்கறது 5க்கு 2, அதுல ஒண்ணரை ரெண்டாவது மாட்யூலுக்கு.

சர்டிஃபிகேட் உடனே வந்துடுது, அது ஒரு சவுகரியம். ஆனா என் பேருல இனிஷியலை விரிச்சு எழுதி ரிஜிஸ்டர் பண்ணதால, டாகுமென்டேஷன்ல தேர்ச்சி பெற்றவர்னு எங்கப்பா பேரு மட்டும் டாக்டர் போட்டு வந்திருக்கு. திருத்தச் சொல்லி மூணு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல. அப்பா ஈ.பி.ல லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனவரு, அதை பிரிண்ட் எடுத்து ஷோகேஸ்ல வச்சிருக்காரு.